மாதா கோயிலின் இடது தோள்

பட்டினப்பாக்கத்தில் எந்தத் தாயும் மகளுக்குக் கொடுத்திராத ஒரு சீரைக் கொடுப்பதாகப் புஷ்பம் ஒப்புக்கொண்டிருந்தாள். நகை இல்லை, பாத்திரம் இல்லை, கட்டில் பீரோவும் இல்லை. கடலுக்குள் ஓர் இடம்.

பைபர் படகில் இருபது நிமிடம் ஓடினால் வரும் இடம் அது. மேலே பார்த்தால் ஒன்றுமே இருக்காது. எங்கும் இருக்கிற அதே அலை, அதே தண்ணீர். ஆனால் பத்து ஆள் ஆழத்துக்குக் கீழே, மணலுக்கு நடுவில், ஒரு பாறைத்திட்டு பதுங்கிக் கிடக்கிறது. மீனவர்கள் அதைப் பார் என்பார்கள். பார் இருந்தால் மீன் அண்டும். சங்கராவும் களவாவும் அங்கேதான் குடியிருக்கும். கண்டுபிடித்தவன் பெயர்தான் பாருக்கும் பெயர். இது ஜவஹர் பார்.

ஜவஹர் புஷ்பத்தின் கணவன். பன்னிரண்டு வருடங்களுக்கு முன்பு ஒரு காலையில், படகைக் கரையேற்றிக்கொண்டிருந்தவன் நெஞ்சைப் பிடித்தபடி மணலில் உட்கார்ந்தான். உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. அன்று அவன் படகில் கூடை நிறையச் சங்கரா துள்ளிக்கொண்டிருந்தது. அதை எங்கே பிடித்தான் என்பது அந்தக் குப்பத்தில் ஒரே ஒருத்திக்குத்தான் தெரியும்.

பாரின் இடத்தை அப்பன் மகனுக்கு மட்டும் சொல்வான். அண்ணன் தம்பிக்குக்கூடச் சொல்லமாட்டான். ஜவஹரோ கல்யாணமான புதிதிலேயே மனைவியிடம் உளறிவிட்டான். உளறிவிட்டுச் சிரிக்கவும் சிரித்தான்.

"உங்கிட்ட சொன்னா இன்னா ஆயிடப்போவுது? நீ இன்னா கடலுக்கா வரப்போற?"

அன்று அவன் சொன்னது புஷ்பத்துக்கு இன்றும் எழுத்து பிசகாமல் நினைவிருந்தது. 'சாந்தோம் மாதா கோயில் கோபுரத்தோட இடது தோள்ல, பின்னால கீற தண்ணி டேங்கு குந்திக்கினு இருக்கணும். தெக்கால அஷ்டலட்சுமி கோயிலு, பின்னால ஆஸ்பத்திரி மொட்டமாடிய முட்டணும். ரெண்டும் ஒண்ணா அமைஞ்சா அங்க நில்லு. கீழ கல்லு பேசும்.'

கரையில் இருக்கிற இரண்டு உயரமான பொருட்களை ஒன்றின் பின்னால் ஒன்றாக வைத்துப் பார்த்தால் கடலில் ஒரு கோடு. இன்னும் இரண்டைப் பார்த்தால் இன்னொரு கோடு. இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் பார். காகிதமும் வேண்டாம், கருவியும் வேண்டாம். கண்ணும் நாக்கை அடக்கத் தெரிந்த வாயும் போதும்.

அந்த வாயைப் பன்னிரண்டு வருடமாகப் புஷ்பம் கட்டிக் காத்தாள். எத்தனையோ பேர் கேட்டார்கள். அதிகம் கேட்டவர் செம்பியன். ஜவஹர் உயிரோடு இருந்தபோதே ஒருநாள் முழுக்க அவன் படகின் பின்னாலேயே ஓட்டிக்கொண்டு போனவர் அவர். ஜவஹர் அவரைத் திருவான்மியூர் வரை இழுத்துப்போய், திரும்ப அடையாறு முகத்துவாரத்துச் சாக்கடைத் தண்ணீரில் கொண்டுவந்து நிறுத்தி, "மாமா, இதான் எம்பாரு, வலையப் போடு" என்றானாம். கரையே ஒரு வாரம் சிரித்தது. செம்பியன் மட்டும் சிரிக்கவில்லை.

விதியைப் பாருங்கள், அந்தச் செம்பியனின் மகன் ஆனந்தகுமாருக்கும் புஷ்பத்தின் மகள் தீபிகாவுக்கும் மனசு ஒத்துப்போய்விட்டது. தி.நகரில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிற பெண். கடலுக்குப் போகிற பையன். பெண் கேட்க வந்த செம்பியன் வெற்றிலைத் தட்டை நடுவில் வைத்துவிட்டு ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார்.

"தங்கச்சி, எனக்கு ஒண்ணியும் வாணாம். உம்புருசன் பார எம்புள்ளைக்குக் குடு. போதும்."

புஷ்பம் சந்தோஷமாகத் தலையாட்டினாள். மகளுக்கென்று அவன் விட்டுப்போன ஒரே சொத்து, மகளிடமே போய்ச் சேருகிறது. வேறென்ன வேண்டும்?

கல்யாணத்துக்கு ஒன்றரை மாதம் இருந்தது. அப்போதுதான் அந்த அறிக்கை வந்தது.

ஏதோ ஒரு கம்பெனி, கழிவுநீரைக் கடலுக்குள் கொண்டுபோய் விடக் குழாய் பதிக்கப்போகிறதாம். மாதா கோயிலுக்கு நேர் எதிரே கிழக்கு நோக்கி நான்கு கிலோமீட்டர். மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் அடுத்த வெள்ளிக்கிழமை. ஊர்த் தலைவர் பஞ்சாட்சரம் கூட்டத்தைக் கூட்டி அறிக்கையை வாசித்துக் காட்டினார். அதில் ஒரு வரியை இரண்டு முறை வாசித்தார்: 'இப்பகுதியில் கடலடிப் பாறைத் திட்டுகள் எதுவும் இல்லை. வெறும் மணல் தரை.'

"வெறும் மணலாம்பா!" என்றார் பஞ்சாட்சரம். "நம்ப அப்பன் பாட்டன் துன்னது மணலயா? த்தோ பாருங்க, பந்தல் துணி வாங்கியாந்து கரைய வரைஞ்சு வெச்சிருக்கேன். அவங்கவங்க பாரு எங்க கீதுன்னு இந்தத் துணியில ஒரு புள்ளி வையுங்க. ஊரே சேந்து அத்த எடுத்துக்கினு போலாம்."

வெள்ளைத் துணி தரையில் விரிந்து கிடந்தது. பக்கத்தில் ஒரு மார்க்கர் பேனா. ஐம்பது அறுபது ஆண்கள் இருந்தார்கள். ஒருவர் கையும் நீளவில்லை. சொன்னால் குடும்பச் சொத்து ஊர்ச் சொத்தாகிவிடும். நாளைக்கே பக்கத்து வீட்டுக்காரன் படகு அங்கே நிற்கும். ஒருவர் தொண்டையைக் கனைத்தார், ஒருவர் கூரையைப் பார்த்தார், ஒருவர் எழுந்து டீ குடிக்கப் போனார்.

வாசலில் பெண்களோடு நின்றுகொண்டிருந்த புஷ்பம், துணியில் வரைந்திருந்த கரையை எட்டிப் பார்த்தாள். மாதா கோயிலுக்கு நேர் கிழக்கே. அது ஜவஹரின் இடம். அவன் தலைமேல் குழாயைக் கொண்டுவந்து வைக்கப்போகிறார்கள்!

பஞ்சாயத்துக்குள் பெண்கள் வந்து பேசும் வழக்கமில்லை. மீன் கூடையை வாசலிலேயே இறக்கி வைத்துவிட்டுப் புஷ்பம் உள்ளே வந்தாள்.

"தலைவரே, மொதப் புள்ளி நான் வெக்கிறேன்."

செம்பியன் விருட்டென்று எழுந்தார். "இன்னா தங்கச்சி, வெளாட்றியா? எம்புள்ளைக்குப் பேசுனத ஊருக்குத் தூக்கிக் குடுக்கிறியா? அப்ப எனக்கு இன்னா?"

"அண்ணே, குழாய் வந்துட்டா அங்க மீனு இருக்காது. சாக்கடயத்தான் சீரா குடுக்க முடியும். அதான் ஒருதபா எங்கூட்டுக்காரரு உனக்குக் காட்னாரே."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அந்தச் சிரிப்புதான் வினையாயிற்று. செம்பியனின் முகம் கறுத்தது.

"நீ அந்தப் புள்ளிய வெச்சா, இந்தக் கல்யாணம் கெடையாது. ஊர் முன்னால சொல்றேன்!"

புஷ்பம் வீட்டுக்கு வந்து மகளிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். தீபிகாவின் கண்ணில் நீர் திரண்டு நின்றதே தவிர, வழியவில்லை.

"யம்மா, அப்பா பாரு மேல குழாய வெச்சப்பறம் அத்த எனக்குக் குடுத்தா இன்னா, குடுக்காட்டி இன்னா? நீ போயி வை. கல்யாணம் நின்னா நிக்கட்டும்."

"அந்தப் பையன்?"

"அவருக்கு முதுகெலும்பு கீதா இல்லியான்னு எனக்கும் தெரிய வேணாமா?" என்றாள் மகள்.

முதுகெலும்பு இருந்தது. மறுநாள் காலையில் ஆனந்தகுமாரே படகோடு நின்றான். வெறும் புள்ளியை அதிகாரிகள் நம்பமாட்டார்கள், இடத்தில் போய் ஜி.பி.எஸ். எண் எடுத்துவர வேண்டும் என்று பஞ்சாட்சரம் சொல்லியிருந்தார். தலைவரும் ஏறிக்கொண்டார். யாரும் எதிர்பாராத விதமாகச் செம்பியனும் வந்து ஏறினார்.

"நான் எதுக்கு வர்றேன்னா, அங்க ஒரு மண்ணும் இல்லன்னு எங்கண்ணால பாக்கணும்" என்றார்.

புஷ்பம் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு படகில் கால் வைத்தபோது கரையில் முணுமுணுப்பு எழுந்தது. பெண் கடலுக்குப் போவதா?

"மீன இருவத்தஞ்சு வருசமா தலையில தூக்கிக்கினு கீறேன். மீனு இருக்கிற எடத்தப் பாக்கக்கூடாதா?" என்று கேட்டாள் அவள்.

'நீ இன்னா கடலுக்கா வரப்போற?' வர்றேன்யா, உன் கடலுக்குத்தான் வர்றேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். முதல் அலை முகத்தில் அறைந்தது. இரண்டு கைகளாலும் பலகையைப் பிடித்துக்கொண்டு திரும்பி உட்கார்ந்தாள். தான் பிறந்து வளர்ந்த சென்னையைக் கடலிலிருந்து அவள் பார்ப்பது இதுதான் முதல் தடவை. எவ்வளவு கட்டடங்கள்! அதற்கு நடுவில் வெள்ளை வெளேரென்று மாதா கோயில் கோபுரம்.

"டேங்கு தெரியுதா?" என்று கேட்டாள்.

"தெரியுது அத்தே. தோ, பின்னால."

கோபுரத்தின் இடது தோளில் தண்ணீர்த் தொட்டி வந்து உட்காரும் வரை ஆனந்தகுமார் படகைத் திருப்பினான். தெற்கே அஷ்டலட்சுமி கோயில், பின்னால் ஆஸ்பத்திரி மொட்டைமாடி. இரண்டும் அமைந்தன. மோட்டாரை நிறுத்தினான். பஞ்சாட்சரம் கயிற்றில் கட்டிய ஈயக்குண்டை இறக்கினார். பாறையானால் கை அதிரும். மணலானால் குண்டு மெத்தையில் விழுந்ததுபோல் அமுங்கும்.

அமுங்கியது.

பத்தடி தள்ளிப் போட்டார். அமுங்கியது. இன்னும் தள்ளி. மணல். மணல். மணல்.

"அறிக்கையில கரீட்டாத்தான் எழுதிகீறான்" என்றார் செம்பியன். "ஜவஹர் பாரு அவன் வாய்லதான் இருந்துச்சு. அத்த நம்பி நான் சம்பந்தம் பேசினேன் பாரு!"

புஷ்பத்துக்கு உலகமே இருண்டது. அவன் பொய் சொன்னானா? இத்தனை வருடம் மார்பில் முடிந்து வைத்திருந்தது வெறும் காற்றா? கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் அந்தத் தொட்டியைப் பார்த்தாள். வழுவழுவென்று, வெள்ளையும் நீலமுமாகப் பளிச்சென்று நின்றது.

பளிச்சென்று?

அவள் தினமும் அன்னக்கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு போகிற இடம் அபிராமபுரம். காலை வெயிலில் கழுத்து கடுத்துப்போனால், அங்கிருந்த பழைய தண்ணீர்த் தொட்டியின் கீழேதான் கூடையை இறக்கி வைப்பாள். பாசி படிந்து, எட்டுக் கால்களோடு, அழுக்கு நிறத்தில் நிற்கும். ஆறு வருடங்களுக்கு முன்பு அதை இடித்துவிட்டார்கள். இரண்டு நாள் தெருவை மறித்தார்கள். இருந்த ஒரு நிழலும் போச்சே என்று இடித்தவர்களை அவள் வாயாரத் திட்டினாள். புதுத் தொட்டியை வடக்கே இரண்டு தெரு தள்ளிக் கட்டினார்கள்.

தன் கூடைக்கு நிழல் தந்த தொட்டியும், கணவன் சொன்ன தொட்டியும் ஒன்றுதான் என்று இத்தனை நாள் அவளுக்குத் தோன்றவே இல்லை. அது தெருவில் இருந்த தொட்டி. இது கடல் பேச்சில் இருந்த தொட்டி. இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்க அவள் கடலுக்கு வரவேண்டியிருந்தது.

"தப்பு!" என்று கத்தினாள். "இது அந்த டேங்கு இல்ல! இது புதுசு. பழச இடிச்சிட்டானுங்க. அது ரெண்டு தெரு தெக்கால இருந்துச்சு!"

"இடிச்சத எங்கேந்து பாக்கிறது?" என்றார் பஞ்சாட்சரம்.

"அந்த எடத்துக்குச் சுவரு ஒட்னாப்புல நம்ப நீரஜா டீச்சர் வூட்டு பில்டிங்கு. பன்னண்டு மாடி."

"அத்தே, பன்னண்டு மாடி அங்க நாப்பது தெரியுது. எது டீச்சரு வூடு?" என்றான் ஆனந்தகுமார்.

புஷ்பம் ஒரு நொடி யோசித்தாள். பிறகு இடுப்பிலிருந்து செல்போனை எடுத்தாள். நல்லவேளை, சிக்னல் இரண்டு கோடு இருந்தது.

நீரஜா ஓய்வுபெற்ற பள்ளிக்கூட ஆசிரியை. பதினெட்டு வருடமாக வாரம் மூன்று நாள் புஷ்பத்திடம் மீன் வாங்குகிறவர்.

"என்ன புஷ்பம், இன்னிக்கு ஆளையே காணோம்? ஒரே இரைச்சலா இருக்கு, எங்கேருந்து பேசறே?"

"கடல்லேந்து டீச்சர்."

"எங்கேருந்து?"

"கடலு, கடலு! அத்த அப்பால சொல்றேன். ஒரு ஒதவி பண்ணுங்க. உங்க பாத்ரூம் கண்ணாடியக் கழட்டிக்கினு மொட்டமாடிக்குப் போங்க. சூரியன் கீற பக்கமா கடலப் பாத்து ஆட்டுங்க."

"உனக்கு என்னடி ஆச்சு?"

"எங்கூட்டுக்காரரு பார தேடிகினு கீறேன் டீச்சர். எம்பொண்ணு வாழ்க்க அதுல கீது."

அந்தக் குரலில் என்ன இருந்ததோ, நீரஜா அதற்குமேல் ஒரு கேள்வி கேட்கவில்லை. "பத்து நிமிஷம் குடு" என்றார்.

அந்தப் பத்து நிமிடமும் படகு அலையில் ஆடிக்கொண்டே இருந்தது. நான்கு ஜோடிக் கண்களும் கரையிலேயே ஒட்டிக்கொண்டிருந்தன. கட்டடம், கட்டடம், கட்டடம். திடீரென்று, அந்தக் கான்கிரீட் காட்டுக்குள்ளிருந்து ஒரு மின்னல்! அணைந்தது. மறுபடி பளிச். மறுபடி.

"டீச்சர்ர்ர்!" என்று புஷ்பம் கூவியது போனிலும் கேட்டிருக்கும், போன் இல்லாமலும் கேட்டிருக்கும்.

கோபுரத்துக்கு இடப்பக்கம் வெகுவாக விலகி மின்னியது அந்த வெளிச்சம். ஆனந்தகுமார் மோட்டாரைக் கிளப்பிப் படகை மெல்ல வடக்கே நகர்த்தினான். ஒளி கொஞ்சம் கொஞ்சமாகக் கோபுரத்தை நோக்கி ஊர்ந்து வந்தது. வந்து, மாதா கோயிலின் இடது தோளில் ஒரு நட்சத்திரம்போல உட்கார்ந்தது. தெற்கே கோயிலையும் ஆஸ்பத்திரியையும் இன்னொரு முறை சரிபார்த்தான்.

"நிறுத்து!" என்றாள் புஷ்பம். "தலைவரே, நான் போட்றேன்."

ஈயக்குண்டைத் தன் கையாலேயே விட்டாள். கயிறு உள்ளங்கையைச் சுட்டுக்கொண்டு ஓடியது. ஓடி ஓடி,

டக்.

கை முழங்கை வரை அதிர்ந்தது. தூக்கி மறுபடி விட்டாள். டக். கல் பேசியது. பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகு அவன் பேசினான். கயிற்றை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, மூன்று ஆண்கள் நடுவில் அவள் குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

ஆனந்தகுமார் எண்ணைக் குறித்துக்கொண்டு தூண்டிலை இறக்கினான். இழுத்தபோது சிவக்கச் சிவக்க ஒரு சங்கரா. இன்னொரு தூண்டில் எதிலோ மாட்டிக்கொண்டது. வெடுக்கென்று இழுத்ததில், மேலெல்லாம் பூப்பூவாகக் கடற்பூச்சி படர்ந்த ஒரு கல்துண்டு பெயர்ந்து வந்தது. செம்பியன் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கரை வந்து சேரும்வரை கையை விட்டு அதைக் கீழே வைக்கவே இல்லை.

அன்று மாலை பஞ்சாயத்துக் கட்டடத்தில் வெள்ளைத் துணியில் முதல் புள்ளி விழுந்தது. 'ஜவஹர் பார்' என்று தீபிகா எழுதினாள். ஒரு பெண்பிள்ளை தன் கல்யாணத்தையே பணயம் வைத்துப் புள்ளி வைத்துவிட்டாள். இனி ஆண்கள் எந்த முகத்தை வைத்துக்கொண்டு கூரையைப் பார்ப்பது? ஒருவர் வந்தார். இன்னொருவர் வந்தார். பத்து வருடமாகப் பேசிக்கொள்ளாத இரண்டு சகோதரர்கள் ஒரே இடத்தில் புள்ளி வைக்க வந்து, இருவருக்கும் ஒரே பார்தான் என்று தெரிந்து தலையில் அடித்துக்கொண்டார்கள். மறுநாளும் அதற்கடுத்த நாளும் படகுகள் போய் எண் எடுத்து வந்தன. வியாழக்கிழமைக்குள் முப்பத்து மூன்று புள்ளிகள்.

கடைசியாகச் செம்பியன் வந்தார். பேனாவை வாங்கி, யாரும் எதிர்பாராத ஒரு மூலையில், ஆலிவ் ரிட்லி ஆமைகள் வந்துபோகிற பக்கமாக, முப்பத்து நாலாவது புள்ளியை வைத்தார். பிறகு புஷ்பத்தின் பக்கம் திரும்பினார்.

"தங்கச்சி, உங்கிட்ட ஒரு பாரு கேட்டேன். எம்புள்ளைக்கு முப்பத்தி நாலு வாங்கிக் குடுத்துட்ட. ஊர்ல எவனுக்கும் இம்மாம் சீரு வந்தது கெடையாது." உடனே மகனைப் பார்த்துக் கத்தினார். "இன்னாடா பல்ல இளிச்சிக்கினு நிக்கற? பத்திரிகை அடிக்கப் போ!"

வெள்ளிக்கிழமை கூட்டத்தில், அதிகாரியின் மேஜை முன்னால் இருபது பேர் சேர்ந்து அந்தத் துணியை விரித்துப் பிடித்தார்கள். அறிக்கை எழுதிய கம்பெனிக்காரர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு சிரித்தார்.

"இதெல்லாம் நீங்களா வெச்ச புள்ளி. எப்படிம்மா நம்பறது?"

செம்பியன் கொடுத்திருந்த அந்தக் கல்லைப் புஷ்பம் முந்தானையிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தாள். கடல் வாடை கூடமெங்கும் பரவியது.

"நம்ப வாணாம் சார். படகு கீது, வா. நானே கூட்டிகினு போறேன். நீ வர்றவரைக்கும் நாங்க இந்த எடத்த விட்டு எந்திரிக்கமாட்டோம்."

சொன்னபடியே எழுந்திருக்கவும் இல்லை. மதியம் தாண்டியது, கூடத்து விளக்குகளை ஒருமுறை அணைத்துப் பார்த்தார்கள், துணியைப் பிடித்த கைகள் மாறினவே தவிர துணி கீழே இறங்கவில்லை. கடைசியில் அதிகாரி எழுதிக் கொடுத்தார்: மீனவர்களை உடன் வைத்துக்கொண்டு மறு ஆய்வு. அது முடியும்வரை குழாய் வேலை தொடங்கக் கூடாது.

இது முடிவல்ல என்று புஷ்பத்துக்குத் தெரியும். அவர்கள் வேறு வழியாக வருவார்கள், வேறு காகிதத்தோடு வருவார்கள். வரட்டும்.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை, ஆய்வுக்காரர்கள் தங்கள் பெட்டிகளோடு படகில் ஏறினார்கள். புஷ்பம் பின்பக்கம் போய் உட்காரப் பார்த்தாள். செம்பியன் முன் பலகையில் கோணியை நான்காக மடித்துப் போட்டுத் தட்டினார்.

"சம்பந்தியம்மா, முன்னால குந்து. வழி சொல்றவங்க எங்கியாச்சும் பின்னால குந்துவாங்களா?"

புஷ்பம் போய் முன்னால் உட்கார்ந்தாள். செல்போனை எடுத்தாள்.

"டீச்சர், கெளம்பிட்டோம். கண்ணாடிய எடுத்துக்கினு மேல போங்க."